ஹீரோவுக்குப் பின்னால் இருக்கிற மலை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வீடியோ கேம்களில் பின்னணியாக வரும் காட்சிகளைப் பற்றி மட்டும் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். யார் எழுதப் போகிறார்கள் என்று நினைத்தால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம்ம பக்கமே வரிசை கட்டி எழுதியிருக்கிறது, ஓர் ஆச்சி உட்பட. பேர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பேர் மட்டும்.

கேள்வி (கானாடுகாத்தான்): சின்ன வயதில் விளையாடிய கேம்களில் கதை மறந்துபோச்சு, எதிரி யார் என்றும் மறந்துபோச்சு. ஆனால் பின்னால் இருந்த வானமும் மலையும் தண்ணீரும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. எதிரி இரண்டு நொடி வந்து குண்டடி பட்டுப் போய்விடுகிறான், மலை அங்கேயே நிற்கிறது. நீங்கள் செத்துச் செத்து அதே இடத்துக்குத் திரும்பி வரும்போதெல்லாம் அதே மலை. டிவி கேமில் கேசட் போட்டு கான்ட்ரா விளையாடியவர்கள் யாரைக் கேட்டாலும் அந்த அருவி ஸ்டேஜைச் சொல்வார்கள். பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த கேம் திடீரென்று மேல்நோக்கி ஏறச் சொல்லும், பாறை பாறையாகத் தாவ வேண்டும், கால் தவறினால் போச்சு. அத்தனை முறை விழுந்தவனுக்கு அருவி மறக்குமா?

ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அப்படியென்றால் உயிர் எத்தனை மிச்சம் என்று காட்டும் மூலைதான் அதிகம் நினைவில் இருக்க வேண்டும், அதைத்தானே அடிக்கடி பார்த்தோம். என் கணிப்பு, நம்மால் போக முடியாத இடம்தான் மனதில் தங்குகிறது. 1991-ல் வந்த சோனிக் கேமின் முதல் ஊர், கிரீன் ஹில் ஸோன், நினைவிருக்கிறதா? முன்னால் கட்டம் போட்ட பழுப்பு மண், பனை மாதிரி மரங்கள், பின்னால் மினுமினுக்கிற தண்ணீர், அதற்கும் பின்னால் மலைகள். உலகத்திலேயே வேகமான முள்ளெலியை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓடினாலும் அந்தத் தண்ணீர்க் கரைக்கு ஒரு அடி கூடப் பக்கத்தில் போக முடியாது. அந்தக் கரையில் என்ன இருக்கும், யார் குடியிருப்பார்கள் என்று கேம் ஒரு வார்த்தை சொல்லாது. சொல்லாததை எல்லாம் பத்து வயதுப் பையன் தானாக நிரப்பிக்கொள்கிறான், அது அவன் சொந்தச் சரக்கு, அதனால் மறப்பதில்லை.

இதற்கு நேர் எதிராகவும் செய்வார்கள். 2004-ல் வந்த ஹாஃப் லைஃப் 2-ல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஒரு ராட்சசக் கோபுரம் தெரியும், சிட்டாடல் என்று பேர். கடைசியில் அதற்குள்ளேயே போவீர்கள். 2012-ல் வந்த ஜர்னியில் தொடக்கத்திலேயே தூரத்தில் ஒரு மலை, உச்சியில் ஒளி, அதுதான் கேம் முழுக்கப் போகிற வழி. பின்னணிக் காட்சியை இப்படிக் கடன்பத்திரம் மாதிரி முதலிலேயே நீட்டிவிட்டால் கடைசியில் பைசா பாக்கி இல்லாமல் தீர்க்க வேண்டும். இந்த இரண்டு கேமும் தீர்த்தன. நிறைய கேம்கள் தூரத்தில் ஒரு பிரமாதமான கோட்டையைக் காட்டிவிட்டு, உள்ளே போனால் நான்கு பெட்டியும் ஒரு ஏணியும் வைத்திருக்கும்.

கேள்வி (காரைக்குடி): பக்கவாட்டில் நகரும் கேம்களில் பின்னால் உள்ள மலை மெதுவாகவும் முன்னால் உள்ள மரம் வேகமாகவும் போகிறதே, இந்த வித்தை எப்போது வந்தது, எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: இதைப் பார்க்க உங்களுக்கு கேமே வேண்டாம், திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ரோட்டோரப் புளியமரம் விர்ரென்று ஓடும், அதற்குப் பின்னால் இருக்கிற கருவேலங்காடு கொஞ்சம் நிதானமாகப் போகும், குன்றக்குடி மலை மட்டும் நம்மோடு கூடவே வருகிற மாதிரி இருக்கும். கண் இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. கேமில் காட்சியை இரண்டு மூன்று படலமாக வெட்டி, பின்னால் இருப்பதை மெதுவாகவும் முன்னால் இருப்பதை வேகமாகவும் நகர்த்தினால் தட்டையான திரையில் ஆழம் வந்துவிடும். கார்ட்டூன் படக்காரர்கள் 1930-களிலேயே கண்ணாடித் தகடுகளில் படம் வரைந்து, அடுக்கி, மேலிருந்து கேமரா வைத்து இதைச் செய்தார்கள். கேமில் இதைப் பிரபலமாக்கியது 1982-ல் ஜப்பானின் ஐரெம் கம்பெனி கொண்டுவந்த மூன் பேட்ரோல். நிலாவில் வண்டி ஓட்டுவீர்கள், பின்னால் மலைகள் வெவ்வேறு வேகத்தில் நகரும்.

நம்ம வீடுகளில் இருந்த டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோவின் பழைய 8 பிட் பெட்டியின் நகல்கள். அதில் பின்னணிக்கு ஒரே ஒரு படலம்தான் உண்டு. அதனால்தான் அந்தக் கால கேம்களில் மேகமும் தரையும் ஒன்றாகவே நகரும். கெட்டிக்கார புரோகிராமர்கள் டிவி ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைந்துகொண்டிருக்கும்போதே நடுவில் நகர்வு அளவை மாற்றிவிட்டு, மேல் பாதி மெதுவாகவும் கீழ்ப் பாதி வேகமாகவும் போக வைத்தார்கள். சேகாவின் 16 பிட் பெட்டியில் இரண்டு படலம் உண்டு, போதாததற்கு வரி வரியாகத் தனித்தனி வேகமும் கொடுக்கலாம். மேலே சொன்ன சோனிக்கின் தண்ணீர் அப்படித்தான் நகர்ந்தது. ஒரே படத்தை மெல்லிய பட்டைகளாக்கி, நமக்குப் பக்கத்தில் இருப்பதை வேகமாகவும் தள்ளி இருப்பதை மெதுவாகவும் ஓட விட்டார்கள்.

கேள்வி (ஆத்தங்குடி): நாங்கள் பரம்பரையாகத் தரைக்குக் கல் (டைல்ஸ்) போடுகிறவர்கள். என் மகன் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டமாக வரைந்து, அதை ஒட்டி ஒட்டிக் காடு செய்கிறான். "அப்பா, இதுவும் நம்ம வேலைதான்" என்கிறான். சும்மா சொல்கிறானா?

பதில்: சும்மா சொல்லவில்லை அண்ணே, சரியாகத்தான் சொல்கிறான். நீங்கள் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறீர்கள். ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும், நான்கு கல்லைச் சுழற்றி வைத்தால் முழுப் பூ. ஹால் முழுக்கப் பரப்பினால் எந்தக் கல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த 8 பிட் பெட்டியிலும் இதே கதைதான். திரையின் பின்னணி 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னக் கட்டங்களால் ஆனது, அகலத்தில் 32, உயரத்தில் 30, ஆக மொத்தம் 960 இடம். ஆனால் அந்த 960 இடத்தையும் நிரப்ப ஒரு நேரத்தில் கையில் இருப்பது 256 விதமான கட்டம் மட்டும். வண்ணமும் கஞ்சத்தனம்தான், ஒரு கட்டத்துக்குள் நான்கு நிறத்துக்கு மேல் வராது.

இந்தக் கஞ்சத்தனத்தில் என்னென்ன செய்தார்கள் என்பதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். வானத்தில் இருக்கிற வெள்ளை மேகமும் தரையில் இருக்கிற பச்சைப் புதரும் ஒரே படம், நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேம் மொத்தமும் 40 கிலோபைட். இன்று பேரன் வாட்ஸாப்பில் அனுப்புகிற ஒரு காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரிசு. மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஓரங்கள் ஒட்டும்போது கோடு தெரியக் கூடாது, ஒரே கட்டம் அடுத்தடுத்து வருவது கண்ணில் உறுத்தக் கூடாது. இதை அவனுக்கு எந்த யூடியூப் வாத்தியாரையும் விட நீங்கள் நன்றாகக் கற்றுக்கொடுப்பீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): லீவுக்கு வந்த பேரன் திண்ணையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டலாம் என்று பக்கத்தில் போனால், அதில் மணல் மேடும் நிலாவும் வானத்தில் பலூனுமாக அவ்வளவு அழகாக இருந்தது, நானும் நின்று பார்த்துவிட்டேன். அது என்ன விளையாட்டு? எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நானும் விளையாடலாமா?

பதில்: ஆச்சி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஆல்ட்டோஸ் ஒடிஸியாகத்தான் இருக்க வேண்டும், 2018-ல் வந்தது, கனடாவின் டொரண்டோவில் இருக்கிற ஸ்னோமேன் என்ற சின்னக் கூட்டம் வெளியிட்டது. ஒருவன் பலகையில் நின்று மணல் சரிவில் வழுக்கிக்கொண்டே போவான், நீங்கள் விரலால் தட்டினால் தாவுவான். செய்ய வேண்டியது அவ்வளவுதான். போகப் போக விடியும், உச்சி வெயில் வரும், சாயங்காலம் மணல் செம்பழுப்பாகும், ராத்திரியாகும், சில நேரம் மழை, சில நேரம் மணல் புயல், பாழடைந்த கோயில் மாதிரி தூண்கள், பலூன்கள். இதற்கு மூத்தது 2015-ல் வந்த ஆல்ட்டோஸ் அட்வெஞ்சர், அதில் பனிமலை, லாமா என்கிற ஆட்டு முகம் கொண்ட பிராணிகளைத் துரத்திப் பிடிக்க வேண்டும். எனக்கென்னவோ மணல்தான் பிடிக்கிறது, வெயில் ஊர்க்காரன் இல்லையா.

தாராளமாக விளையாடலாம். அதில் ஜென் மோட் என்று ஒன்று இருக்கிறது, பேரனை அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மார்க் கிடையாது, காசு பொறுக்க வேண்டாம், விழுந்தால் எழுந்து மறுபடி போகலாம், இசையும் காட்சியும் மட்டும்தான். அப்புறம் பேரன் போனைத் திருப்பிக் கேட்டால் அது உங்கள் பாடு.

கேள்வி (தேவகோட்டை): பழைய பயங்கர கேம்களில் எப்போது பார்த்தாலும் பனிமூட்டமாகவே இருக்கிறதே, அது பயமுறுத்தவா, இல்லை வேறு காரணமா?

பதில்: வேறு காரணம்தான் முதலில் வந்தது, பயம் கூடவே ஒட்டிக்கொண்டது. 1999-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த சைலண்ட் ஹில் ஒரு முழு ஊரைச் சுற்றி நடக்க விட்டது. அந்தப் பெட்டியின் முக்கிய நினைவகமே 2 மெகாபைட்தான். தெருக்கோடி வரை வீடுகளை வரைய அதற்குத் தெம்பு கிடையாது, வரையாமல் விட்டால் வீடுகள் கண்முன்னே திடீர் திடீரென்று முளைக்கும், அசிங்கமாக இருக்கும். அதனால் நாலடிக்கு அப்பால் எல்லாவற்றையும் மூட்டத்தால் மூடினார்கள். மூடியதும் என்ன ஆச்சு என்றால், அதற்குள் எது நிற்கிறதோ என்று விளையாடுகிறவன் நடுங்க ஆரம்பித்தான். இன்றைக்குப் பத்து மைல் தூரம் வரையக்கூடிய மெஷின் இருந்தும் பயங்கர கேம் எடுக்கிறவர்கள் மூட்டத்தை விடுவதில்லை.

இதற்கு இன்னொரு சாட்சி ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். 2004-ல் வந்த அதைப் பிரவுசிங் சென்டர்களில் விளையாடியவர்களுக்கு அந்த ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் நினைவிருக்கும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் காரில் போனால் நடுவில் காடு, பாலம், மலை என்று என்னவோ வெகுதூரம் போன மாதிரி இருக்கும். 2021-ல் அதையே மெருகேற்றி மறுபடி விட்டார்கள், மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, தெளிவாகத் தெரிந்ததால் ஒரு ஊரில் உயரமான இடத்தில் நின்றால் அடுத்த ஊர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இத்தனை வருஷமாக ஒரு மாநிலம் என்று நம்பியது ஒரு தாலுகா அளவுக்குக் கூட இல்லை. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், பிறகு 2024-ல் பழைய வானத்தை ஓர் அப்டேட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். கானாடுகாத்தான்காரருக்கு மேலே சொன்னேனே, சேர முடியாத இடம் என்று. அதை மூடி வைத்திருந்த துணியை இழுத்துவிட்டால் இதுதான் கதி.

கேள்வி (கோட்டையூர்): பழைய கம்ப்யூட்டரில் வருமே பச்சைப் புல்மேடும் நீல வானமும், அது எந்த கேமில் வருகிற இடம்?

பதில்: எந்த கேமிலும் இல்லை, விண்டோஸ் எக்ஸ்பி-யின் வால்பேப்பர் அது. சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1990-களில் கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் ரோட்டோரமாகக் காரை நிறுத்தி எடுத்த நிஜப் படம். ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு ருசி இருக்கிறது. அதே பிரவுசிங் சென்டரில் நாம் ஓட்டிய ரோட் ரேஷில் நாபா வேலி என்று ஒரு ரூட் உண்டு, நாபாவும் சோனோமாவும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள். ஆக, காரைக்குடியில் உட்கார்ந்து பைக்கில் ஆளை உதைத்துக்கொண்டே போன சாலையிலிருந்து அந்தப் புல்மேடு அப்படியொன்றும் தூரம் இல்லை.

கேள்வி (புதுவயல்): ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இந்தியா என்றால் யானையை நிறுத்தி வைத்திருக்கிறார்களே, கோபம் வரவில்லையா?

பதில்: சின்ன வயதில் சந்தோஷம்தான் வந்தது, நம்ம ஊரும் இருக்கிறதே என்று. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் தால்சிம் என்ற இந்திய யோகிக்குப் பின்னால் அந்த யானைகள் துதிக்கையைத் தூக்கிப் பிளிறும். இப்போது பார்த்தால் அது எந்த ஊர் மண்டபம், எந்தக் காலம் என்று ஒன்றும் பிடிபடாது. யோகி, நெருப்பு, யானை, முடிந்தது இந்தியா. ஆனால் அந்த கேமில் எல்லா நாட்டுக்கும் அதே மரியாதைதான், அமெரிக்காவுக்கு ஒரு போர் விமானம், தாய்லாந்துக்குப் படுத்த நிலையில் புத்தர். கோபப்படுவதை விட நாமே ஒன்று செய்து காட்டலாம், அதற்குத்தான் அடுத்த கேள்வி.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): நானும் தோழிகளும் செட்டிநாட்டு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி ஒரு கேம் செய்ய ஆசைப்படுகிறோம். இதுவரை நம்ம ஊர் மாதிரி இடங்களை யாராவது ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்களா? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முழுசாக நம்ம ஊர் என்று நான் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்தவை உண்டு. அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி (2017) மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய் ஹொய்சாளர் காலத்துச் சிதைவுகளைக் காட்டியது. பச்சையும் செம்மண்ணும் நன்றாக வந்திருந்தன, ஆனால் ஹாலிவுட் கண்ணாடி போட்டுத்தான் பார்த்தது, எதைத் தொட்டாலும் இடிந்து விழும். புனேக்காரர்கள் செய்த ராஜி (2020) ராஜஸ்தான் கோட்டைகளையும் இமயமலைப் பக்கத்துப் பஹாடி ஓவிய வண்ணங்களையும் எடுத்துக்கொண்டது, ஆற அமரப் பார்க்கலாம். அப்புறம் வெண்பா (2023), டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடா போன தமிழ்க் குடும்பம், பெரும்பாலும் சமையலறைதான் காட்சி. இட்லிப் பானையும் ஜன்னலுக்கு வெளியே வேற்று நாட்டு வெளிச்சமும் ஒரே சட்டத்தில் இருக்கும். பெரிய மலை, பெரிய கோட்டை இல்லாமலேயே ஓர் இடத்தை நம்ப வைக்க முடியும் என்பதற்கு அதைப் போட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் வீடு. சினிமாக்காரர்கள் வந்து வந்து முகப்பையும் நடுமுற்றம் கொண்ட வளவையும் பண்ணையார் வீடாகவே காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, மேலே தொங்கும் சர விளக்கு, இதையெல்லாம் வரிசையாக அடுக்கினால் அது ஹோட்டல் விளம்பரம் ஆகிவிடும். இந்த வீடுகளின் நிஜமான வித்தை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பது. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் அடுத்த கட்டு என்று கடைசிக் கதவு வரை கண் போகும்; ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். நடுவில் முற்றத்துக்கு முற்றம் மேலிருந்து வெளிச்சம் இறங்கும், அதற்கிடையில் இருட்டு, மறுபடி வெளிச்சம். விளையாடுகிறவன் வெளிச்சத்தை நோக்கித்தான் நடப்பான், இதற்காக லெவல் டிசைன் செய்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், நம்ம கொத்தனார்கள் அதைக் கட்டியே வைத்துவிட்டார்கள். மொபைலில் எங்கே இருக்கிறோம் என்று காட்ட அம்புக்குறிகூட வேண்டாம்.

பாதி வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன, கல்யாணம், படைப்பு என்றால்தான் பங்காளிகள் கூடிக் கதவைத் திறக்கிறார்கள். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. உங்கள் கேமில் எல்லா அறையையும் திறந்துவிடாதீர்கள் என்பது என் யோசனை. நான்கு அறை பூட்டியே இருக்கட்டும், சாவித் துவாரம் வழியாக ஒன்றில் மட்டும் அடுக்கி வைத்த எவர்சில்வர் பாத்திரம் தெரியட்டும். மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரைகள், ஊருணி, அதற்கப்பால் பொட்டல், கருவேலம். ஊருணிக்கு வழி வையுங்கள், பொட்டலுக்கு வைக்காதீர்கள்.

நிஜப் பொருளைப் பல கோணத்தில் போட்டோ எடுத்து முப்பரிமாணமாக்கும் முறை இருக்கிறது, போலந்துக்காரர்கள் 2014-ல் த வேனிஷிங் ஆஃப் ஈத்தன் கார்ட்டரில் தேவாலயம், பாறை போன்ற பலவற்றை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவரின் பளபளப்பு மட்டும் அதில் சரியாக வராது, எதிரொளிக்கிற பரப்பு எதுவுமே அந்த முறைக்கு ஆகாது, அதைக் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆத்தங்குடித் தரையும் அப்படித்தான். போட்டோ எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர்களிடம் அனுமதி வாங்குங்கள், ஒரு பங்காளியிடம் அல்ல, எல்லாப் பங்காளிகளிடமும். கேம் செய்வதை விட அதற்குத்தான் அதிக நாள் ஆகும்.

கேள்வி (கண்டனூர்): என்னிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டரும் சாதாரண போனும்தான். காட்சிக்காக மட்டும் எதை விளையாடலாம்?

பதில்: போனில் ஆல்ட்டோ இரண்டும், பேட்லேண்டும் (2013). பேட்லேண்டில் முன்னால் இருப்பதெல்லாம் கறுப்பு நிழல், பின்னால் காடு வண்ணத்தில் ஒளிரும். கம்ப்யூட்டரில் லிம்போ போடுங்கள், 2010-ல் வந்த கறுப்பு வெள்ளை கேம், பழைய மெஷினிலும் ஓடும், ஆனால் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம், பையன் சாகிற விதம் கொடூரமாக இருக்கும். ஹாஃப் லைஃப் 2-ம் ஓடிவிடும். அதில் தூரத்தில் தெரிகிற பல கட்டடங்கள் 16-ல் ஒரு பங்கு அளவில் செய்த பொம்மை ஊர், தனியாக ஓரிடத்தில் கட்டி வைத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். ஃபயர்வாட்ச் (2016) என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்கக் காட்டில் தீ கண்காணிக்கிற கோபுரத்தில் தங்கியிருப்பவரின் கதை, மலைக்குப் பின் மலையாக நிறம் வெளுத்துக்கொண்டே போகும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் திணறும், யாராவது நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கிற மச்சான் இருந்தால் அவர் வீட்டில் போய்ப் பாருங்கள்.